தாழ்ப்பாள் இல்லாத வீடு

இருட்டி ஒரு நாழிகைகூட ஆகவில்லை. இடிந்த கோட்டைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. தொப். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும், தொப்.

தருமலிங்கத்துக்கு மயிர் சிலிர்த்தது. ஐம்பத்திரண்டு வயதில் வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, மூன்று நாளைக்கு முன்புதான் அவர் குருவின் குடிலுக்குச் சீடராக வந்திருந்தார். அதற்கு முன்பு முப்பது வருஷம் நெடுமதிலூர்த் திருவிழாவில் கோட்டைக் கதை சொன்னவர்.

"கேட்குதா சாமி? அவன்தான். முந்நூறு வருஷமாச்சு, இன்னும் கோட்டைக் கதவைச் சாத்தப் பார்க்கிறான், பாவி."

"எவன்?"

"வாசல்காவல்காரன். பொன் முடிச்சுக்கு ஆசைப்பட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து எதிரியை உள்ளே விட்டானே! ராஜா சாகும்போது சாபம் விட்டார்." தருமலிங்கத்தின் குரல் தானாகவே மேடைக்கு ஏறியது. "'என் கதவைத் திறந்தவன் குலம் தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் தூங்கட்டும்!' இந்த இடத்தில் ஊரே கை தட்டும் சாமி. இன்றைக்கும் அந்த வம்சத்து வீட்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வைத்தால் ஊர் பிடுங்கிப் போடும்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதெல்லாம் நிஜமா நடந்ததுதானே?"

குரு எழுந்தார். சுத்தியலை எடுத்துத் தன் குடில் கதவின் தாழ்ப்பாளை நெம்பிப் பெயர்த்தார்.

"ஐயோ, ராத்திரி நரி வருமே!"

"வரட்டும். விளக்கை எடு."

இருவரும் கோட்டைப் பக்கம் நடந்தார்கள்.

"கோட்டையை யாரும் பிடிக்கலை" என்றார் குரு. "மூணு நாள் மழை. வடக்குச் சுவர் சரிஞ்சுது. ராஜா மாட்டு வண்டி கட்டி மாமனார் ஊருக்குப் போயிட்டார்."

"அப்ப வாசல்காவல்காரன்?"

"அவன்கிட்டே சொல்லிட்டுப் போகணும்னு யாருக்கும் தோணலை. சுவரே இல்லாத கோட்டைக்கு ஒரு மாசம் ராத்திரி ராத்திரி தாழ்ப்பாள் போட்டுட்டுக் காவல் நின்னான்."

"இதை யார் சொன்னது சாமி?"

"அந்த வம்சத்துப் பெரியவர். எனக்கு மோர் கொடுத்து, சிரிச்சுக்கிட்டே சொன்னார். அப்ப எனக்கு இருபது வயசு. ஊர் ஊராப் போய்க் கூத்து எழுதிக்கிட்டிருந்தேன். அவர் சொன்னதில் கை தட்ட ஓர் இடம்கூட இல்லை." வழியில் கிடந்த முள்ளைக் காலால் ஒதுக்கினார். "அதனால கதையைத் திருப்பிப் போட்டேன்."

தருமலிங்கம் விளக்கை உயர்த்தி அவர் முகத்தைப் பார்த்தார். "அந்தச் சாப வரி?"

"என்னுடையதுதான். ஊர் மாறிப் போயிட்டேன். திரும்பி வந்தா, ஒரு வீட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சொல்லிடணும், சொல்லிடணும்னு பதினோரு வருஷமா குடில் போட்டு உட்கார்ந்திருக்கேன்."

வழியில் சாவடி. மணியக்காரரும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். குரு நின்று, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

மணியக்காரர் கைகூப்பினார். "சாமி கோபிக்கக் கூடாது. இந்தக் கதையை எங்க பாட்டனே எனக்குச் சொல்லியிருக்கார்."

"உங்க பாட்டன் என் கூத்தை முன்வரிசையில உட்கார்ந்து பார்த்தவர்."

எல்லாரும் சிரித்தார்கள். "வயசாயிடுச்சு. சாமியைப் பார்த்துக் கூட்டிக்கிட்டுப் போப்பா" என்றார் ஒருவர் தருமலிங்கத்திடம்.

அந்த வீடு கோட்டை வாசலை ஒட்டி இருந்தது. காற்றில் கதவு திறந்துகொண்டது, அடித்துக்கொண்டது. தொப். முட்டுக் கொடுத்திருந்த அம்மிக்கல் உள்ளே நகர்ந்து கிடந்தது. தருமலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருஷமாய் அவர் ஆவி என்று சொல்லி ஊரை அழவைத்தது இந்தக் கதவுச் சத்தத்தைத்தான்.

"எவன்டா அது? கிட்ட வந்தா வெட்டிப்புடுவேன்!"

தோளில் கைக்குழந்தை, கையில் அரிவாள்மனை. அந்த வம்சத்து மருமகள் மரகதம். புருஷன் ஆட்டுக்கிடையோடு கிழக்கே போய் மூன்று மாசம்.

"நான்தாம்மா, குடில்காரன்."

"சாமியா இருந்தா எனக்கென்ன? முந்தாநாள் ரெண்டு பேர் தள்ளிக்கிட்டு உள்ளே வந்தானுங்க. ஆவி பார்க்க வந்தோம்னு சிரிச்சானுங்க. புள்ளை அழுது அழுது மூச்சே நின்னுடும் போல ஆயிடுச்சு."

குரு படிக்கு வெளியே நின்றே சொன்னார். மோரிலிருந்து தொடங்கி, கைதட்டல் வரைக்கும். அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"எங்க மாமனார் இந்த நடையில குறுக்கே படுத்துத்தான் கிடந்தார்" என்றாள் கடைசியில். "தாழ்ப்பாளுக்குப் பதிலா. சாகிற வரைக்கும். போன ஐப்பசியிலதான் போய்ச் சேர்ந்தார். நீங்க பதினோரு வருஷமா கூப்பிடு தூரத்துல இருந்திருக்கீங்க."

"ஆமாம்மா."

"அவரு அப்பா கொடுத்த மோராக்கும் அது."

"ஆமாம்மா."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். தருமலிங்கம் விளக்கைப் பிடிக்க, குரு தன் குடிலிலிருந்து கொண்டுவந்த தாழ்ப்பாளைக் கதவில் வைத்து அறைந்தார். ஓர் ஆணி வளைந்தது. அதை நிமிர்த்தி மறுபடி அறைந்தார். பிறகு இருவரும் வெளியே வந்தார்கள்.

தருமலிங்கம் கிசுகிசுத்தார். "நாளைக்கே வந்து பிடுங்குவாங்க சாமி. ஒண்ணு செய்யலாம். இது சித்தர் தொட்ட தாழ்ப்பாள், கை வைத்தவன் கை அழுகிடும்னு நான் சொல்றேன். ஒரே திருவிழாவில் ஊர் நம்பிடும்."

"நம்பும். எனக்கு அது தெரியும்" என்றார் குரு. தோளில் கிடந்த துண்டை உதறி, வாசற்படிக்கு வெளியே குறுக்காக விரித்துப் படுத்துக்கொண்டார்.

தருமலிங்கம் விளக்கை அணைத்துவிட்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

மரகதம் இருவரையும் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை வரலையே சாமி. அதைக் கேட்கத்தானே வந்தீங்க?"

"இல்லை. வேற ஒண்ணு கேட்க வந்தேன். பேசாம இரு."

உள்ளே குழந்தை சிணுங்கி அடங்கியது. பிறகு, இரும்பில் இரும்பு உரச, தாழ்ப்பாள் விழுந்தது.