தோலுக்கடியில் ஒரு தேனடை

விலங்கும் பூச்சியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நம் தோலுக்கும் சதைக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது. பசியும் அப்போது ஓர் உருவத்தோடுதான் நடமாடியது. நெட்டையான உடம்பு, நீள நீளமான விரல்கள். உச்சிப்பொழுதில் வீட்டுக்குள் வந்து, படுத்திருப்பவரின் தோலைத் தடவிப் பார்க்கும். விரல் பட்ட இடத்தில் சதை கரைந்துபோகும்.

மலையடிவாரத்தில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். தேன் எடுப்பது அவள் தொழில். மழை பொய்த்த ஆண்டில் பசி அவளுடைய மூத்த பிள்ளைகள் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது மூன்று வயது மகள் அரும்பு மட்டும். சிலம்பாயி பாறைக்குப் போய்த் தேனீக்களிடம் அழுதாள்.

"நாளைக்கு எம்மவகிட்ட வந்துரும். ஏதாச்சும் செய்யுங்க."

எப்போது தேன் எடுத்தாலும் பாதி அடையை அவற்றுக்கே விட்டுவிட்டு வருபவள் அவள். அதனால் ராணித் தேனீ இறங்கி வந்தது.

"வெளிய எத வெச்சாலும் அது தின்னுரும். உம்மவ தோலுக்கடியிலயே அடை கட்டித் தர்றோம். முடியற வரைக்கும் அவ கண்ணத் தெறக்கக் கூடாது."

மறுநாள் காலை, தூங்கும் குழந்தையின் தொப்புள் வழியாகத் தேனீக்கள் வரிசையாக உள்ளே போயின. வயிற்றுத் தோல் மெல்ல ஏறி இறங்கியது. பிறகு தொடை, முதுகு, கன்னம். மஞ்சள் கொழுப்பைச் சின்னச் சின்ன அறைகளில் நிரப்பின. அறைகளுக்கு நடுவே நாரால் சுவர் எழுப்பி, தோலைச் சதையோடு சேர்த்துக் கட்டின. குழந்தையின் உடம்பு முழுக்க ரீங்காரம். அதில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

சிலம்பாயி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பெற்றவள் அல்லவா, எவ்வளவு நேரம்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள்? உயிர் இருக்கிறதா என்று குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். வெளிச்சம் பட்டதும் தேனீக்கள் போட்டது போட்டபடி அந்தத் திறந்த கண் வழியாகவே பறந்து போயின. இமையில் ஓர் அறைகூடக் கட்டியிருக்கவில்லை.

உச்சிப்பொழுதில் பசி வந்தது. வயிற்றை அழுத்தியது; விரல் மெத்தென்று நின்றுவிட்டது. தொடையை அழுத்தியது. அங்கேயும் சதை எட்டவில்லை. கடைசியில் இமையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது.

"இங்க வழி இருக்கு. ஒரு வாய்க்குக்கூடத் தேறாது, இன்னிக்குப் போறேன். ஆனா இனிமே எப்ப வந்தாலும் மொதல்ல இங்கதான் கைவெப்பேன்."

அரும்பு பிழைத்துக்கொண்டாள். அவள் வழி வந்தவர்கள்தாம் நாமெல்லாரும். தொப்பையைப் பிடித்துப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், உடம்பெல்லாம் கொழுப்பு இருந்தும் இமை மட்டும் வெறும் தோலாக இருப்பது. வெளியூர் போன பிள்ளை வீடு திரும்பியதும் அம்மா முதலில் கண்ணைத்தான் பார்க்கிறாள். "கண்ணெல்லாம் உள்ள போயிருக்கே, சாப்பிட்டியா?" என்று கேட்கும்போது, அவள் தேடுவது அந்த விரல் பட்ட அடையாளத்தை.