கிரேனைக் கணியம் வச்ச கஸ்பார்

மதியச் சாப்பாட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வர்றாங்க, அதுவும் முதல் தடவையா. மெற்றில்டா கூடையும் கையுமா கரையில நிக்கா. புருஷன் கஸ்பார் வெறும் வள்ளத்தைக் கரையேத்திட்டு, அவ முகத்தைப் பாக்காம டீக்கடை பெஞ்சுல போய் உக்காந்தான். இனி புளுகு வரும்னு அவளுக்குத் தெரியாதா என்ன?

“மீன் எங்க?”

“சொல்றேன், இரு. மீன் பூரா நம்ம பாறை மேலதான் கிடக்கு. மாதா கோயில் சிலுவையும் ஒத்தைப் பனையும் நேர்கோட்டுல வந்தா அடியில பாறை. அதான நம்ம கணியம்? இப்ப சிலுவையை மறைச்சு அடுக்குமாடி நிக்கு. சரி போகுதுன்னு அதும் மேல நின்ன கிரேனைக் கணியமா வச்சேன்.”

“சுத்துற கிரேனையா?” பெஞ்சுல பக்கத்துல இருந்த தொம்மைக்கு டீ புரையேறிட்டு.

“அது சுத்த, நானும் சுத்தினேம்லே! முதல் சுத்துல குடா பூரா தண்ணி. அடுத்த சுத்துல மண் லாரி. அதுக்கடுத்த சுத்துல தார் ரோடு, வேகத்தடை! வள்ளம் ஏறி இறங்குன இறக்கத்துல இடுப்பே போச்சு.”

“அப்ப பஸ் புடிச்சு வந்தேன்னு சொல்லு.”

“முழுசாக் கேளுலே! நங்கூரம் போட்டேனா? தம் கட்டி இழுத்தா ஒரு பால்கனி பேந்து வருது. துணி காயப் போட்டுட்டு இருந்த அம்மா, ‘வஞ்சிரம் இருக்கா, கிளீன் பண்ணித் தருவியா’ங்கா. நம்ம சீலா மீனைத்தான் அப்படிச் சொல்லுதா. நெத்திலி எல்லாம் இடமில்லாம லிஃப்டுல நெருக்கியடிச்சு நிக்கு. சுறா ஒண்ணு வாட்ச்மேன் சட்டை போட்டுக்கிட்டு, ‘வள்ளத்தை எடு, இது விசிட்டர் பார்க்கிங்’னு விசில் ஊதுது. நான் எங்க மீனைப் பிடிக்க? மீனுதாம்லே என்னைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டு!”

பெஞ்சே குலுங்கிச் சிரிச்சுது. மெற்றில்டாவுக்கு எரிச்சலா வந்துது. கடக்கரைக்காரி வீட்டு விருந்துல கருவாடா? மக காலம் பூரா பேச்சு வாங்கணுமே.

“சுறாவுக்கு விசில் யாரு வாங்கிக் குடுத்தா?”ன்னு கேட்டா.

கஸ்பார் பதிலுக்கு வாயைத் திறக்கான், பின்னால நெசமாவே விசில் சத்தம். நீலச் சட்டை போட்ட அடுக்குமாடி வாட்ச்மேன் ஒருத்தன் வள்ளத்துப் பக்கத்துல பலகை ஒண்ணை நட்டுட்டு இருந்தான்.

“வள்ளம் யாரோடது? எடுங்கய்யா. இன்னைலேர்ந்து இது விசிட்டர் பார்க்கிங்.”

கஸ்பாருக்கு முகம் செத்துப்போச்சு. வள்ளத்தை இனி எங்க கொண்டு போட? மெற்றில்டா வெறுங்கூடையை வள்ளத்துக்குள்ள எறிஞ்சுட்டு, கயித்துல ஒரு முனையைப் பிடிச்சா.

“நாளைக்கு இன்னும் பெரிசாப் புளுகுங்க. இதெல்லாம் நீங்க சொல்லி முடிக்கதுக்குள்ள நெசமாவே கட்டிப்புடுதானுவ.”