முரசு கொட்டாத சண்டை

முன்னொரு காலத்திலே முத்துத்துறை என்ற கடலோர நாட்டை இளவழுதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் பிடித்தது சாயங்காலம் பிடிக்காது.

துறைமுகத்தில் கப்பல்கள் பெருகப் பெருகப் போக்கிரிகளும் பெருகினார்கள். பொழுது சாய்ந்தால் பெண்கள் கடைத்தெருவில் நடமாட முடியவில்லை. மந்திரி பெருநம்பி யோசித்தார். சீனத்துக் கப்பலில் வந்திறங்கிய மெய்லின் என்ற பெண்மணி கைச்சண்டையில் கெட்டிக்காரி என்று கேள்விப்பட்டு, ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க அவளை அமர்த்தினார்.

சேனாபதி கண்டராயனுக்கு வயிறு எரிந்தது. "அரசே, அந்தச் சீனக்காரி சொல்லித்தரும் லட்சணத்தை வந்து பாருங்கள்!" என்று ராஜாவைப் பயிற்சி நடக்கும் தோட்டத்துக்கு இழுத்துப்போனான். மந்திரியும் பின்னாலேயே ஓடினார்.

அங்கே இரண்டு பெண்கள் முன்னங்கையோடு முன்னங்கை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தார்கள். கூடை சுமந்துபோன ஒருத்தியை இன்னொருத்தி சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து பிடித்தாள். கூடைக்காரி முழங்கையால் இடித்தாள், காலை மிதித்தாள், "திருடன்! திருடன்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

ராஜா முகம் சுளித்தார். "தாவல் இல்லை, சுழற்சி இல்லை. ஓடுவதுகூட ஒரு வித்தையா?"

"இருட்டில் பிடித்தவன் எந்தப் பக்கம் இழுக்கிறான் என்று கைதான் சொல்லும், அரசே. பிறகு உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் வித்தை" என்றாள் மெய்லின்.

"அப்படியானால் நாளை என் மல்லனோடு இவள் மாணவி ஒருத்தி களத்தில் நிற்கட்டும். தோற்றால் இவள் கப்பலேற வேண்டும், மந்திரி பதவி விலக வேண்டும்!" என்றான் கண்டராயன். ராஜா உடனே தலையாட்டிவிட்டார். மந்திரி மாணவிகளைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் அரண்மனைக்குப் பூக்கட்டும் மாயக்காள்தான், "நான் நிக்கிறேன்யா" என்றாள்.

மறுநாள் சபை கூடியது. முரசு தயார். மல்லன் தொடை தட்டினான். மாயக்காளைக் காணோம்.

"ஓடிவிட்டாள்! அதைத்தானே கற்றுக்கொண்டாள்!" என்று மீசையை முறுக்கினான் கண்டராயன்.

மந்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது முந்தானை கிழிந்து, வெறுங்கூடையோடு மூச்சிரைக்க வந்தாள் மாயக்காள். மந்திரியின் காதில், "சந்துல மூணு தடியனுங்க மறிச்சாங்கய்யா" என்றாள்.

மந்திரி நிமிர்ந்து பார்த்தார். கண்டராயன் முகம் பேயறைந்தாற்போல் இருந்தது. சட்டென்று விஷயம் புரிந்துவிட்டது.

"அரசே, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும்" என்று குரலை உயர்த்தினார். "வழியில் மூன்று நோஞ்சான்கள் மறித்தார்களாம். ஒரே இடியில் உட்கார்ந்து அழுதார்களாம். அந்தச் சோற்று மூட்டைகளைப் பழக்கிய புண்ணியவான் எவனோ!"

"நோஞ்சான்களா? நாக்கை அடக்கும், மந்திரி! என் படையிலேயே அந்த மூவரைப் போல..." என்று சீறிய கண்டராயன் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டான்.

"எந்த மூவர், கண்டராயா?" என்றார் ராஜா.

காவலர்கள் படைக்கொட்டடிக்குப் போய், அடிபட்டுக் கிடந்த மூவரையும் கூட்டிவந்தார்கள். ஒருவன் விலாவைப் பிடித்திருந்தான், ஒருவன் நொண்டினான், இன்னொருவன் காதில் மல்லிகைப் பூ.

"முரசு கொட்டவில்லை, நடுவர் இல்லை. இது சண்டையே இல்லை, அரசே!" என்று கதறினான் கண்டராயன்.

"கடைத்தெருப் போக்கிரி முரசு கொட்டிவிட்டா வருவான், சேனாபதி?" என்றார் மந்திரி. ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார்.

"எப்படியம்மா தப்பினாய்?"

"ஒருத்தன் கழுத்தைப் பிடிச்சான் ராசா. தாடையை நெஞ்சோட ஒட்டிக்கிட்டு விலாவுல இடிச்சேன். அடுத்தவன் கையை இழுத்தான், இழுத்த பக்கமே பாய்ஞ்சு காலை மிதிச்சேன். மூணாமத்தவன் மூஞ்சியில பூவைக் கொட்டிட்டு ஓடியாந்துட்டேன்."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். துறைமுகத்திலேயே மெய்லினுக்குப் பயிற்சிக்கூடம் கட்ட ஆணையிட்டார். "கண்டராயா, முதல் மாணவன் நீ. உனக்கு ஆசிரியை மாயக்காள்!"

கூடம் திறந்த அன்று ராஜாவுக்கும் ஆசை வந்துவிட்டது. மெய்லினிடம் முன்னங்கையை நீட்டினார். அடுத்த கணம் மணலில் உட்கார்ந்திருந்தார். சபையோர் தூக்கிவிட ஓடிவந்தார்கள்.

ராஜா பட்டு வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"எங்கே, இன்னொரு தரம்!"