போதும் என்று சொல்கிற பையன்

"நாளையிலேருந்து நான் வரல மாஸ்டர். கரண்டியும் வேண்டாம், காலேஜும் வேண்டாம்."

சொன்னது தங்கபுஷ்பம். கல்லூரியில் முதலாண்டு மாணவி. மத்தியானம் மட்டும் அங்கேயே மெஸ்ஸில் குழம்பு ஊற்றும் வேலை.

சமையல் மாஸ்டர் ரெஜினா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

குருவுக்கு வயது இருபத்து நாலு. சிஷ்யைக்கு நாற்பத்தொன்று. சிரிக்காதீர்கள், அந்த மெஸ்ஸில் அப்படித்தான்.

"ஏங்க்கா?"

"ஆறு மாசமா பெஞ்சுல தனியா உக்காந்திருக்கேன். எல்லாம் எம் மக வயசு. எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது, என்னையும் ஒருத்தருக்கும் தெரியாது. ஆசைப்பட்டுத்தான் படிக்க வந்தேன். முடியல."

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ரெஜினா சமாதானம் சொல்லவில்லை. ஒரு தாளை நீட்டினாள்.

"சரிக்கா. உங்க இடத்துக்கு வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. யார் யாருக்கு எப்படி ஊத்தணும்னு எழுதி வெச்சிட்டுப் போங்க. இன்னைக்கு நான் ஊத்துறேன்."

"அதுல எழுத என்ன இருக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே புஷ்பம் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

எழுதினாள்.

கண்ணாடி போட்ட பாத்திமாவுக்குக் காய் வேண்டாம், குழம்பு மட்டும்.

ஹாக்கி டேவிட்டுக்கு மூணு கரண்டி. ரெண்டோட நிறுத்தினா முகம் தொங்கிடும்.

நீலவேணி திங்கக்கிழமை ஊர்லேருந்து வருவா. அன்னைக்குச் சாப்பாடு இறங்காது. ரசம் குடுத்து உக்கார வைக்கணும்.

தாள் நிறைந்தது. நிமிர்ந்தாள். பக்கத்திலேயே இன்னும் இரண்டு தாள் இருந்தது. அதுவும் நிறைந்தது.

வெளியே வரிசை நகரவில்லை.

"மாஸ்டர், புஷ்பாக்கா எங்க?"

"அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?"

"இன்னொரு கரண்டி ஊத்தவா தம்பி?" இது ரெஜினா.

"போதும் மாஸ்டர்."

உள்ளே புஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை. தாளைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"ஐயோ, அது கார்மேகம்! அவன் போதும்னா போதலைன்னு அர்த்தம். கரண்டியை இங்க குடுங்க!"

ரெஜினா கரண்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"போதும்க்கா" என்றான் கார்மேகம்.

"எங்கிட்டயேவா?" இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

அவன் நகரவில்லை. பின்னால் நின்ற பாத்திமாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் 'கேளு' என்று கண்ணைக் காட்டினாள்.

"அக்கா, இங்க இவ்வளவு பேசுறீங்க. கிளாஸ்ல மட்டும் ஏன் எங்க பக்கம் திரும்பவே மாட்டேங்கிறீங்க? ஆறு மாசமா உங்க பின்னாடி பெஞ்சுலதான் இருக்கோம்."

புஷ்பம் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

உள்ளேயிருந்து ரெஜினாவின் குரல் வந்தது.

"அக்கா, எழுதின தாளையெல்லாம் என்ன பண்ண?"

"அடுப்புல போடுங்க மாஸ்டர்."