வாசலுக்கு முதுகு காட்டியவர்

பேச்சிமுத்து வீட்டு வாசலில் ஓர் இரும்பு கேட் உண்டு. திறந்தால் போதும், தெருவே எழுந்து உட்காருகிற மாதிரி கிரீச்சென்று கத்தும். கீல் துருவேறிக் கிடந்தது. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். ஆனால் எண்ணெய்க் கிண்ணத்தோடு யாராவது அந்தப் பக்கம் போனால் பேச்சிமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"கத்தட்டும். அது கத்துனாத்தான் எனக்குத் தெரியும்" என்பார்.

மனைவி பிரம்மசக்தி கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவாள். எதற்காகச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

அவர்களுடைய ஒரே மகன் செந்தூரான் அந்த கேட்டைத் திறந்துகொண்டு போனவன்தான், திரும்பவில்லை. பம்பாய்ப் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்றான் அவன். கூடவே கூடாது என்றார் இவர். அப்பனும் மகனும் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். 'நல்லா இருக்கேன், தேடாதீங்க' என்று அம்மாவுக்கு ஒரே ஒரு போன் வந்தது. பிறகு அந்த நம்பரும் ஓய்ந்துபோனது.

அன்றிலிருந்து வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் பேச்சிமுத்து. அரிசி மண்டியைத் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டார். கேட்டைப் பார்ப்பார், சாப்பிடுவார், மறுபடியும் கேட்டைப் பார்ப்பார். வருசம் போகப் போக ஐம்பத்தாறு வயசு மனுசனுக்கு எழுபது வயசு உடம்பு வந்து சேர்ந்தது. சர்க்கரை ஏறியது. நாற்காலியை விட்டு எழுந்தால் முழங்கால் வலியில் முகம் கோணும். "இப்படியே உட்கார்ந்திருந்தீங்கன்னா அடுத்த தடவை உங்களை நாற்காலியோடதான் தூக்கிட்டு வருவாங்க" என்று டாக்டர் திட்டி அனுப்பினார். அதற்கும் இவர் அசைந்தபாடில்லை.

தெருவுக்கு அந்தப் பக்கம் பழைய ரைஸ்மில்லின் நெல் காயவைக்கும் களம் இருந்தது. விடிந்ததும் அங்கே இசக்கியம்மாள் சிலம்பம் சொல்லிக்கொடுப்பாள். கோப்பை வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு இல்லை. தபாலாபீஸ் குமாஸ்தா, பேங்க் கேஷியர், இடுப்பு பிடித்துக்கொண்ட தையல்காரர், பள்ளிக்கூட டீச்சர் ரெண்டு பேர், இப்படி வயசு ஏறிப்போனவர்கள்தான் அவளிடம் வந்தார்கள். அவளுக்கு முப்பத்து நாலு வயசு. ஆனாலும் களத்துக்குள் கால் வைத்துவிட்டால் யாராயிருந்தாலும் அவளை 'ஆசான்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

ஒரு நாள் காலையில் கேட் கத்தியது. முழங்காலை மறந்து துள்ளி எழுந்தார் பேச்சிமுத்து. வந்தவள் இசக்கியம்மாள். அவர் அப்படியே திரும்ப உட்கார்ந்தார். அந்த முகம் விழுந்த விதத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"நான்தான் அண்ணாச்சி."

"வா தாயி."

"நாள் முச்சூடும் இங்க உக்காந்து பாக்குதீய. அதையே களத்துல நின்னு பாத்தா என்ன?"

"எதை?"

"இந்தக் கேட்டைத்தான். அங்கேயிருந்து பாத்தாலும் நல்லாத்தான் தெரியும்."

உள்ளேயிருந்து பிரம்மசக்தி, "நாளைக்கு வருவாவ" என்று குரல் கொடுத்தாள்.

போனார். கம்பு கைக்கு வரவில்லை. முதலில் கால்தான் என்றாள் ஆசான். இந்தக் காலை எடுத்து இங்கே வை, அந்தக் காலைச் சுழற்றி அங்கே வை. "இதுக்கா என்னை வரச் சொன்னா?" என்று வீட்டில் போய்ப் புலம்பினார். தொடை விண்ணென்று தெறித்தது. ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்.

கம்பு கைக்கு வந்த பிறகு இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. அவர் எப்போதும் தன் வீட்டு கேட் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துத்தான் நிற்பார். எதிரே ஆசான். கம்பு சுழலும். கேட் கத்தும். பேச்சிமுத்துவின் கண் ஓடும். அந்த நொடியில் ஆசானின் கம்பு அவர் கணுக்காலில் சொட்டென்று விழும்.

பால்காரர் வந்தால் ஒன்று. கறிவேப்பிலை கேட்டுப் பக்கத்து வீட்டம்மா வந்தால் ஒன்று. அன்றைக்கு வீட்டுக்கு எத்தனை பேர் வந்துபோனார்கள் என்று அவர் காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். கேஷியர் அப்படித்தான் சொல்லிக் கேலி செய்வார்.

ஒரு நாள் காலைத் தேய்த்துக்கொண்டே பேச்சிமுத்து கேட்டார்: "ஆசான், மனசை ஒரே இடத்துல நிறுத்த என்ன வழி?"

"இப்ப அது எங்க நிக்குது?"

அவர் கம்பின் நுனியால் கேட்டைக் காட்டினார்.

"நேத்து?"

"அங்கேதான்."

"போன வருசம்?"

"அங்கேதான் ஆசான்."

"ஒரே இடத்துலதான நிக்குது. பிறகென்ன?"

கேஷியர் சிரித்துவிட்டார். பேச்சிமுத்து சிரிக்கவில்லை. மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்தார். பிறகு, கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாததை அந்தச் சின்ன வயசுக்காரியிடம் சொன்னார்.

"அவன் போன அன்னைக்கு மத்தியானம் நான் சும்மாதான் படுத்திருந்தேன். தூக்கம் இல்லை. கேட் கத்துச்சு. இந்தக் காதால கேட்டேன். யாரோ கறிவேப்பிலைக்கு வாராகன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்திட்டேன். எந்திரிச்சுப் பாத்திருந்தா அவன் வாசல்லதான் நின்னிருப்பான். ஏலே, போகாதலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். ஒரே ஒரு தடவை பாக்காம விட்டேன் ஆசான். இனி விட மாட்டேன்."

இசக்கியம்மாள் அவர் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் தோள்கள் இரண்டையும் பிடித்து, நின்ற இடத்திலேயே அவரைத் திருப்பினாள். இப்போது கேட் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அவள் சுற்றிக்கொண்டு வந்து அவருக்கு எதிரே நின்றாள்.

"இனிமே இப்படித்தான் நிக்கணும்."

"ஆசான், இது மட்டும் வேண்டாம்."

"களத்துக்குள்ள யாரு ஆசான்?"

அவள் சொன்னபடி நின்றார். ஆனால் முதுகெல்லாம் கண் முளைத்த மாதிரி தவித்தார். 'மறந்துட்டு வேலையைப் பாருங்க' என்று முன்பு தம்பி சொன்னான். கோயில் பூசாரியும் அதையே சொன்னார். வாயால் சொன்னவர்களையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், இவள் தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டாளே என்று அவருக்கு ஆங்காரமாக வந்தது. மறுநாள் களத்துக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

பழையபடி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்தார். பிரம்மசக்தி காப்பி கொண்டுவந்தவள் குனிந்து பார்த்தாள். நாற்காலிக்குக் கீழே அவர் கால்கள் தம்பாட்டுக்கு முன்னே ஓர் அடி, பக்கத்தில் ஓர் அடி என்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தன.

மகன் போனதிலிருந்து சிரிக்காதவள் வாய்விட்டுச் சிரித்தாள். "கால் அங்க போயாச்சு. நீங்க மட்டும் இங்க உக்காந்து என்ன செய்யப் போறீய? எந்திரிங்க."

திரும்பப் போனார். ஏன் வரவில்லை என்று ஆசான் கேட்கவில்லை. வாசலுக்கு முதுகு காட்டி நின்றார். கம்பு சுழன்றது.

மழை பெய்து ஓய்ந்தது. களத்தில் நெல் காய்ந்தது. நெல்லை அள்ளியதும் மறுபடியும் கம்பு சுழன்றது. பேச்சிமுத்து இப்போது கைப்பிடியைத் தொடாமல் மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். மண்டிக்குப் போய் ஒரு அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக் காட்டித் தம்பியின் வாயை அடைத்தார். டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை ரெண்டு தடவை பார்த்தார். எல்லாவற்றையும்விட, ஒரு நாள் சாப்பிடும்போது, "குழம்புல என்ன, மல்லி கூடிப்போச்சா?" என்று கேட்டார். பிரம்மசக்தி அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருசமாக என்ன குழம்பு ஊற்றினாலும் அவருக்குத் தெரிந்ததில்லை.

ஆனால் அவருக்குள் ஒரு பயம் வந்திருந்தது. களத்தில் நிற்கும்போது சில நேரம் செந்தூரானின் ஞாபகமே இல்லாமல் போயிற்று. கம்பைத் தரையில் ஊன்றியதும்தான் அது தெரியும். அவன் சாப்பிட்டிருப்பானா, காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று அவசர அவசரமாக நினைத்துக்கொள்வார்.

"அவனை நான் மறந்திருவேனோ ஆசான்?" என்று கேட்டார்.

"கம்பைத் தூக்குங்க" என்றாள் அவள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. பிரம்மசக்தி கோயிலுக்குப் போயிருந்தாள். களத்தில் அன்றைக்குப் பொட்டு விளையாட்டு. கம்பு நுனியைச் சுண்ணாம்பில் தொட்டுக்கொண்டு ஆட வேண்டும், யார் மேல் வெள்ளைப் பொட்டு விழுகிறதோ அவர் தோற்றார். ஆசான் மேல் பொட்டு வைத்தவர் அந்தக் களத்தில் அதுவரை ஒருவரும் கிடையாது.

பேச்சிமுத்து வழக்கம்போல வாசலுக்கு முதுகு காட்டி நின்றார். எதிரே ஆசான். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

கம்பும் கம்பும் தட்டிக்கொண்டன. அவள் ஏறினால் இவர் விலகினார். அவள் விலகினால் இவர் ஏறினார். முழங்கால் ஞாபகம் இல்லை. வயசு ஞாபகம் இல்லை. அவள் தோளும் மூச்சும் மட்டும்தான் உலகத்தில் இருந்தன. சட்டென்று ஓர் இடம் திறந்தது. யோசிக்கக்கூட இல்லை, அவர் கம்பு போய்வந்துவிட்டது.

ஆசானின் கறுப்புச் சட்டையில், வலது தோளில், ஒரு வெள்ளைப் பொட்டு.

களமே எழுந்து கூச்சல் போட்டது. தையல்காரர் விசிலடித்தார். பேச்சிமுத்து சிரித்தார். இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது அவருக்கு. வீட்டுப் பக்கம் திரும்பினார்.

கேட் ஆவென்று திறந்து கிடந்தது.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "கேட்டை யாரு திறந்தது?"

"சத்தம் வந்துச்சே அண்ணாச்சி" என்றார் கேஷியர். "உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. அந்தக் கத்தல் அவர் காதில் விழவே இல்லை. பேச்சிமுத்து தெருவைத் தாண்டி ஓடினார். வராந்தாவைப் பார்த்தார், கொல்லைப்புறத்தைப் பார்த்தார். "செந்தூரான்! ஏலே செந்தூரான்!" என்று கூப்பிட்டார். அந்தப் பேரை அவர் வாய்விட்டுக் கூப்பிட்டு வருசக்கணக்காகிறது. பதில் இல்லை. வீட்டில் ஆளில்லை என்று பார்த்துவிட்டு வந்தவன் திரும்பிப் போய்விட்டானோ? தெருவில் இந்தக் கோடியிலும் யாரும் இல்லை, அந்தக் கோடியிலும் யாரும் இல்லை.

திரும்பி வந்து கம்பைக் களத்தில் வீசி எறிந்தார். யாரும் செய்யத் துணியாத காரியம் அது.

"நீ சொன்னேன்னுதான திரும்பி நின்னேன்!" களத்துக்குள் முதல் தடவையாக அவளை 'நீ' என்றார். "வந்தவன் வந்து பாத்துட்டுப் போயிருந்தா நான் என்ன செய்வேன்? ரெண்டாவது தடவையும் விட்டுட்டேனே! நல்லா மறக்கச் சொல்லிக் குடுத்தே தாயி. ரொம்ப நல்லாச் சொல்லிக் குடுத்தே!"

அத்தனை பேர் முன்னாலும் அழுதார்.

இசக்கியம்மாள் போய்க் கம்பை எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர் கையில் கொடுத்தாள்.

"கரண்டு மீட்டர் பாக்க வந்தவரு அண்ணாச்சி. தலையில தொப்பி போட்டிருந்தாரு. வீட்டுல ஆளில்லைன்னதும் கேட்டைச் சாத்தாம மேலத் தெரு பக்கம் போயிட்டாரு. நேத்து வந்தது கீரைக்காரம்மா. முந்தாநாள் பால்காரரைத் தவிர ஆரும் வரலை."

அவர் அழுகை நின்றது.

"செந்தூரான் இல்லை" என்றாள் அவள். "அக்கா எனக்கு போட்டோ காட்டியிருக்காவ. அவனா இருந்தா உங்களுக்கு முந்தி நான் ஓடியிருப்பேன்."

"நீங்க எங்கூட ஆடிக்கிட்டுத்தான இருந்தீங்க" என்றார் பேச்சிமுத்து. "எப்படிப் பாத்தீங்க ஆசான்?"

அவள் தோளிலிருந்த வெள்ளைப் பொட்டைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டாள்.

"உங்க முதுகை நான் வாசலுக்குத் திருப்புனேன், சரி. அப்போ என் மூஞ்சி எந்தப் பக்கம் இருந்துச்சு அண்ணாச்சி?"