இஞ்சி கேட்ட கடுவன்

மலைப்பாதையின் கடைசி வளைவில் ஒரு பஜ்ஜிக் கடை. அதன் எதிரே நின்ற பலாமரத்தில் தொப்பளான் என்ற கடுவன் குரங்கு, மனைவி சிட்டாளோடு குடியிருந்தான். காட்டில் நாவலும் அத்தியும் பழுத்து உதிர்ந்தாலும் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைக்கு வருகிறவர்கள் வீசும் பஜ்ஜிதான் மூன்று வேளையும்.

ஒருநாள் மரம் ஏறும்போது நெஞ்சை யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி இருந்தது. இடது கை கடுத்தது. வியர்த்துக் கொட்டியது.

"வாயுதான். கொஞ்சம் இஞ்சி கொண்டா" என்றான்.

கடைக்குப் பின்னால் கிடந்த இஞ்சித் துண்டைச் சிட்டாள் எடுத்து வந்தாள். அவன் கிளையில் உட்கார்ந்து மென்றான். வலி அடங்கியது. இஞ்சியின் பெருமையை அன்று முழுக்கப் பேசினான்.

வலி அடிக்கடி வந்தது. ஒருமுறை இஞ்சி கிடைக்கவில்லை. அன்றும் உட்கார்ந்ததும் அடங்கிவிட்டது. வலியை அடக்கியது இஞ்சி இல்லை, உட்கார்ந்ததுதான் என்று சிட்டாளுக்குப் புரிந்துபோயிற்று. மரத்தைத் தட்டியே உள்ளிருக்கும் கோளாறைச் சொல்லும் மரங்கொத்தியைக் கூட்டி வந்தாள்.

மரங்கொத்தி அவன் நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டது. பிறகு கடையின் கழிவுநீர்க் குழாயைக் காட்டியது.

"எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சு படிஞ்சு, அதுல தண்ணி நூலாத்தான் வருது. உங்க ரத்தக் குழாயும் அப்படித்தான் ஆயிட்டிருக்கு. ஏறும்போது நெஞ்சு கூடுதலா ரத்தம் கேக்குது, வர வழியில்ல. பஜ்ஜியை விடுங்க. பழம் தின்னுட்டு நாலு இடம் நடங்க."

"தண்ணி வருதுல்ல? அப்புறம் என்ன?" என்ற தொப்பளான், வந்ததற்கு மரியாதையாக ஒரு பஜ்ஜியை நீட்டினான். மரங்கொத்தி வாங்காமல் பறந்துவிட்டது.

சிட்டாள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். அவளுக்கு அவன் வேண்டும். அவனுக்குப் பஜ்ஜி வேண்டும்.

ஒரு மாலை சிறுத்தை வந்தது. குரங்குக் கூட்டம் முழுவதும் மர உச்சிக்குத் தாவியது. தொப்பளான் மட்டும் பாதி மரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"ஏறுங்க! கீழ சிறுத்தை நிக்குது!" என்று சிட்டாள் கத்தினாள்.

"வாயுதான் புள்ள. இஞ்சி எடு. கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்."

சிறுத்தை உட்கார விடவில்லை. விடிகிற வரை சிட்டாள் உச்சிக் கிளையை விட்டு இறங்கவில்லை. அவள் கையில் அவனுக்காக வைத்திருந்த இஞ்சி இருந்தது.

உட்கார்ந்தால் அடங்கிவிடுகிற நெஞ்சுவலியை வாயு என்று தள்ளிவிடாதீர்கள். உள்ளே வழி அடைபடுகிறது என்று உடம்பு சொல்லி அனுப்புவது அப்படித்தான்.