ஊழியர் அறை

பாளையங்கோட்டையில் ஆசீர்வாதம் என்று ஒருவர் இருந்தார். அவர் புது வீடு கட்டியபோது வாசலை ஒட்டி ஒரு சிறிய அறையும் கட்டினார். வெளியூரிலிருந்து வரும் ஊழியக்காரர்கள் அதில் தங்கிக்கொள்ளட்டும் என்று அவரும் மனைவி சுகிர்தமும் ஆண்டவருக்குப் பொருத்தனை செய்திருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. அவ்வளவுதான் அதில் இருந்தது. பிரதிஷ்டை நாளில் சபைக் குருவான ஐயர் வந்து கட்டிலின்மேல் கை வைத்து ஜெபித்தார். கட்டிலுக்கு அன்று இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

சில காலம் யாரோ ஒருவர் வந்து தங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு ஒரு பழைய டிவி வந்தது. புது டிவி வாங்கியாகிவிட்டது, இதைத் தூக்கிப் போட மனமில்லை. அடுத்து உடற்பயிற்சி சைக்கிள். அப்புறம் இரண்டாவது கிரைண்டர், சூட்கேஸ்கள், யாருடைய கல்யாணத்திலோ வந்து பிரிக்காமலே கிடந்த டின்னர் செட். தரை நிறைந்தது. மேஜை நிறைந்தது. விளக்கின்மேல் யாரோ கம்பளிப் போர்வையைப் போட்டுவிட்டார்கள். கடைசியில் எல்லாம் கட்டிலின்மேல் ஏறிக்கொண்டன.

"இது ஊழியக்காரங்க படுக்கிற இடம். இறங்குங்க" என்றது கட்டில்.

டின்னர் செட் பெட்டிக்குள்ளிருந்தபடியே சொன்னது: "மரியாதையாப் பேசு. நான் ஜப்பான் பீங்கான்."

"உன்மேல ஒரு பருக்கை சோறு விழுந்திருக்கா?"



"எங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது?" என்றது சைக்கிள். "நாங்களா நடந்து வந்தோம்? எனக்கு பெடல் இருக்கு. மிதிக்கத்தான் ஆளில்லை."

ஒரு மழை நாள் மத்தியானம் வாசலில் குரல் கேட்டது. மலையடிவாரத்து ஊர்ச் சபையில் ஊழியம் செய்யும் உபதேசியார் ஞானமுத்து வந்திருந்தார். கூடவே அவர் மனைவி அன்னபாக்கியம். அந்த அம்மாவின் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"ஐயா, சிறுநீரகத்துல கோளாறுன்னு சொல்லுதாங்க. கொஞ்ச நாள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஊருக்குப் போய்ப் போய் வர இவளால முடியல. உங்க ஊழியர் அறையில தங்கிக்கிடலாமான்னு கேக்க வந்தோம்."

ஆசீர்வாதத்தின் முகம் மாறியது. "அடடா, முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா உபதேசியாரே? அறை பூரா சாமானால்லா கெடக்கு. கால் வைக்க இடமில்லையே!"

"பரவாயில்லை ஐயா. ஒரு ஓரமா..."

"சே சே, ஓரத்துலயா உங்களைப் படுக்க வைப்பேன்? மரியாதையா இருக்காது. வாங்க, ஜெபம் பண்ணுவோம்."

சுகிர்தம் காபித் தம்ளர்களோடு கதவருகே நின்றாள். ஆசீர்வாதம் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார். "ஆண்டவரே, தங்க இடமில்லாத இந்தப் பிள்ளைகளுக்கு நீரே ஒரு நல்ல இடத்தை ஆயத்தம் பண்ணும்."

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் இதைக் கேட்டது.

"இடமா? இடம் ஆண்டவர் எப்பவோ கொடுத்துட்டாரே!" என்று அது கத்தியது. "கொடுத்த இடத்துல அட்டைப்பெட்டியை அடுக்கி வச்சுட்டு, இன்னொரு இடம் தாரும்னு அவர்கிட்டயே கேக்கியா? வெட்கமா இல்லை?"

அந்தச் சத்தம் மனிதர் காதில் விழவில்லை. காபி குடித்துவிட்டு இருவரும் மழையில் இறங்கிப் போனார்கள். அந்த அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கிய சத்தம் அறைக்குள் கேட்டது.

கட்டில் நடுங்கத் தொடங்கியது.

"அமைதியா இரு, உன் கால் ஒடிஞ்சிரும்" என்றது நாற்காலி.

"ஒடியட்டும். குப்பையைச் சுமக்கவா ஜெபம் பண்ணி என்னை இங்க போட்டாங்க?"

கட்டில் தன் பலத்தையெல்லாம் கூட்டி ஒரு காலை முறித்துக்கொண்டது. மேலே இருந்ததெல்லாம் சரிந்தது. டிவி விழுந்தது, கிரைண்டர் உருண்டது, டின்னர் செட் சில்லுச் சில்லாகப் போனது.

சுகிர்தமும் ஆசீர்வாதமும் ஓடி வந்து கதவைத் தள்ளினார்கள்.

"ஐயோ, டின்னர் செட்டு!" என்று தலையில் கை வைத்தார் ஆசீர்வாதம்.

சுகிர்தம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த அம்மா காலைப் பாத்தப்ப உங்க வாயில ஒரு ஐயோ வரலையே."

"என்ன சுகிர்தம் இப்படிப் பேசுத?"

"வேற எப்படிப் பேச? ஆண்டவருக்குன்னு சொல்லிக் கொடுத்த அறையைத் திருடிட்டோம். நீங்களும் திருடினீங்க, நானும் திருடினேன். திருடின இடத்துல நாம வச்சது இந்த உடைஞ்ச பீங்கான்! தள்ளுங்க அங்கிட்டு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிரைண்டரை வாசலுக்கு உருட்டினாள். சூட்கேஸ்களைத் தூக்கி எறிந்தாள். கேட்டைத் திறந்துவிட்டு, எதிரே கட்டடவேலைக்கு வந்து மழைக்கு ஒதுங்கி நின்றவர்களைக் கூப்பிட்டாள். "வேணுங்கிறதை எடுத்துட்டுப் போங்கய்யா. எதுவும் கேக்க வேண்டாம்."

"அந்தச் சூட்கேஸாவது இருக்கட்டும், நல்ல சூட்கேஸ்..." என்றார் ஆசீர்வாதம்.

"எடுத்துக்கிட்டு நீங்களும் கிளம்புங்க" என்றாள் சுகிர்தம். அவர் விலகி வழி விட்டார்.

இரண்டு கொத்தனார்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். "அடேயப்பா, தெருன்னா இப்படித்தான் இருக்குமா!" என்று அது மழையில் நனைந்துகொண்டே சிரித்தது.

அறை காலியானது. சுகிர்தம் ஒடிந்த காலுக்கு அடியில் செங்கல்லை அடுக்கி, கட்டிலைத் துடைத்து, வெள்ளை விரிப்பு விரித்தாள். "வலிக்குதா?" என்று நாற்காலி மெதுவாகக் கேட்டது. "இப்பதான் நேரா நிக்கேன்" என்றது கட்டில்.

"போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள் சுகிர்தம் கணவனிடம். "மன்னிப்பும் கேட்டுட்டு வாங்க."

ஆசீர்வாதம் ஆட்டோ பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வார்டாகத் தேடினார். வராந்தாவின் கடைசியில், கழிப்பறைக்குப் போகிற வழியில், அன்னபாக்கியம் ஒரு கோரைப்பாயில் படுத்திருந்தாள். அதே பாயின் மறு ஓரத்தில் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பெயர் மைதீன் பீவி. உள்ளே கிடந்த தன் மகனுக்குத் துணையாக வந்தவள்.

"உபதேசியாரே, என்னை மன்னிக்கணும். அறையை ஒழிச்சாச்சு. வாங்க, போவோம்."

ஞானமுத்து மனைவியைக் கைத்தாங்கலாக எழுப்பினார். ஆசீர்வாதம் மைதீன் பீவியிடம் திரும்பினார்.

"பெரிய உபகாரம் பண்ணினீங்கம்மா. எங்க வீட்டுல சாமான் ஜாஸ்தி. இடம் பண்ண நேரமாயிட்டு."

அவள் பாயைத் தட்டிச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"எங்கிட்ட இந்தப் பாய் ஒண்ணுதான் இருக்கு ஐயா. நகந்து படுத்தேன், இடம் வந்துட்டு."